எலுமிச்சம்பழம் எந்தப் பிரிவு?

போன அமாவாசையன்று மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் போனேன். மடியில் ஒரு மூட்டை எலுமிச்சம்பழம், காலடியில் இன்னொரு மூட்டை. பக்கத்து சீட்காரர் என்ன வேண்டுதல் என்று அக்கறையாக விசாரித்தார். வேண்டுதல் எங்கே? நானே தேடிக்கொண்ட தண்டனை அது.

விஷயம் இதுதான். செஞ்சி கடைவீதியில் பத்மாவதி அம்மாவின் மளிகைக்கடை பெரியது. காய்கறியும் உண்டு, பூஜைச் சாமானும் உண்டு. சமீபத்தில் கடைக்கு ஒரு ஆப் வைத்தார். போனில் ஆர்டர் போட்டால் மினி வேனில் சாமான் வந்துவிடும்.

தேடுவதில்தான் தகராறு. ‘எலுமிச்சை’ என்று அடித்தால் பாத்திரம் கழுவும் சோப்பு வரும். ஊறுகாய் வரும். தரை துடைக்கிற திரவம் வரும். நிஜமான பழம்? தள்ளித் தள்ளி விரல் தேய்ந்த பிறகு, கடைசியில் வரும்.

ஆப்பைச் செய்து கொடுத்த நித்யா புதுச்சேரியில் இருக்கிறார். தேடினால் வருகிற பொருட்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்துக் காட்டலாம், எது எந்தத் தலைப்பில் என்று மட்டும் ஊர் தெரிந்த யாராவது எழுதிக் கொடுங்கள் என்றார். முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய் நின்றவன் நான்தான். எழுதுகிற ஆள் ஆயிற்றே... பட்டியல் போட எனக்குத் தெரியாதா?

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். நடுவில் நித்யா போன் செய்தார். ஒரே பொருள் இரண்டு மூன்று தலைப்பில் வரலாமா, அதற்கும் வசதி இருக்கிறது என்றார்.

“வேணாம்மா. ஒரு பொருளுக்கு ஒரு இடம். அப்பதான் ஒழுங்கா இருக்கும்” என்றேன். என் வீட்டுப் புத்தக அலமாரி அப்படித்தான் இருக்கிறது. அதில் நான் தவிர வேறு யாரும் புத்தகம் தேடுவதில்லை என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

பத்மாவதி அம்மாவும் தயங்கியபடி ஒன்று கேட்டார். அவர்கள் சமணர்கள். தொண்டூரில் உறவுக்காரர்கள் நிறைய. விரத நாட்களில் மண்ணுக்கு அடியில் விளைவதைத் தொடமாட்டார்கள். கிழங்கு வகையைத் தனியாகவும் ஒரு இடத்தில் காட்டினால் அவர்களுக்கு வசதி என்றார். உருளைக்கிழங்கு காய்கறிதானே அம்மா என்று சொல்லி, நான் நோட்டை மூடிவிட்டேன். அவரும் மரியாதைக்கு அதோடு விட்டுவிட்டார்.

இப்போது கன்னியம்மாவுக்கு வருவோம். மேல்மலையனூரில் அமாவாசைக்கு அமாவாசை கோயில் பக்கம் கடை போடுகிறவர். வருடக்கணக்காகச் சாமான் எடுப்பது பத்மாவதி அம்மாவிடம்தான். வந்து நின்று, “அமாவாசை போடுங்க அக்கா” என்பார். அவ்வளவுதான் ஆர்டர். என்னென்ன, எத்தனை என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி.

இந்த முறை முதல் தடவையாக ஆப்பில் போட்டிருக்கிறார். எப்படி? கடையில் சொல்கிற மாதிரியேதான். ‘அமாவாசை’ என்று தேடினார். ‘அமாவாசை பூஜை’ என்று நான் வைத்த தலைப்பு வந்தது. அதற்குக் கீழே இருந்த அத்தனையையும் மேலிருந்து கீழ்வரை அமுக்கிவிட்டார். கற்பூரம், குங்குமம், மஞ்சள், ஊதுபத்தி, விளக்குத் திரி எல்லாம் ஆர்டரில் ஏறிவிட்டது. எலுமிச்சம்பழம்? அதை நான் கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் நடுவே வைத்திருந்தேன். ஆர்டர் வந்த அன்று பத்மாவதி அம்மா உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்ததால், கடை ஆட்கள் ஆர்டரில் இருந்ததை அப்படியே கட்டி அனுப்பிவிட்டார்கள்.

அமாவாசையன்று காலை நான் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மாவின் போன் வந்தது. பத்மாவதி அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“சாமான் வந்துட்டுது அக்கா. பழத்தக் காணோம். எலுமிச்சம்பழம் இல்லாத கடையில எவன் வந்து நிப்பான்? மாசத்துல இந்த ஒரு நாளுதான் எனக்கு.”

கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தேன். மினி வேன் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. நான் கொண்டுபோகிறேன் என்று எழுந்தேன்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு மூட்டையோடு இறங்கி, கன்னியம்மாவின் கடையைக் கண்டுபிடிப்பதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே மூட்டையைப் பிரித்தார். பழத்தைக் குவித்தார். ஒரு பெண் மாலை கோக்க என்று எண்ணி எடுத்துக்கொண்டு போனார். ஒரு வேன் டிரைவர் சக்கரத்துக்கு நான்கு கேட்டார். வெயிலில் வாடி வந்த ஒரு பெரியவருக்கு, அதே குவியலில் ஒன்றை எடுத்து உப்பு போட்டுப் பிழிந்து கொடுத்தார். பிரிவெல்லாம் எடுக்கிற கையில் இருக்கிறது... அதைப் பார்க்க எனக்கு ஒரு பஸ் டிக்கெட் தேவைப்பட்டது.

“காலைல வந்த கும்பல் போயிட்டுது சார். இனிமே வர்றதப் பாக்கலாம்” என்றார் கன்னியம்மா. அரை நாள் வியாபாரத்தை நான் கெடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். போன கும்பல் அதற்காகத் திரும்பி வரப் போவதில்லை.

மறுநாளே நித்யாவுக்குப் போன் போட்டேன். இப்போது எலுமிச்சம்பழம் நான்கு தலைப்பில் இருக்கிறது. நாலும் ஒரே பழம்தான் என்று கீழே ஒரு வரியும் வருகிறது. கிழங்குகளுக்கும் தனித் தலைப்பு வந்துவிட்டது. “ஒழுங்கு கெட்டுடாதா சார்?” என்று நித்யா கேட்டார். கேட்கட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது.

இந்த வாரம் கன்னியம்மா செஞ்சிக்கு வந்திருந்தார். அடுத்த அமாவாசைக்கு முன்னால் பழம் இருக்கிறதா என்று என்னிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டுமாம். நம்பரைப் பதிந்து தரச் சொல்லி என்னிடம் போனை நீட்டினார். பெயரை அடித்து, பக்கத்தில் ‘எழுத்தாளர்’ என்றும் சேர்த்துக் கொடுத்தேன். சும்மா... ஒரு ஆசைதான்.

வாங்கிப் பார்த்தவர் போனைத் திருப்பி என் கையிலேயே வைத்தார்.

“இப்டிப் போட்டா அவசரத்துக்கு நான் எங்க சார் உங்கள தேடுவேன்? எலுமிச்சம்பழம்னு போடுங்க.”

அழித்துவிட்டு, அப்படியே போட்டுக் கொடுத்தேன்.