அப்பா பார்க்காத கார்த்திகை

என் அப்பாவுக்குக் கார்த்திகை மாதம் என்றால் சத்தீஸ்கர். மார்கழி என்றால் மத்தியப் பிரதேசம். தண்ணீருக்குப் போர் போடும் ரிக் வண்டியில் டிரில்லர் வேலை. எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. தெருவுக்கு இரண்டு பேர் இப்படித்தான். தீபாவளிப் பலகாரம் தீருவதற்குள் வண்டி கிளம்பிவிடும். வடக்கே மழை பிடித்து நிலம் சேறாகும்போதுதான் திரும்பும். அதனால் எங்கள் ஊரின் ஆடிக்காற்று அவருக்குத் தெரியும், புரட்டாசி வெயில் தெரியும், ஐப்பசி மழையில் பாதி தெரியும். அதற்குப் பிறகு வருகிற எதுவும் தெரியாது. பதினேழு வயதில் ரிக்கில் ஏறியவர். இருபத்தாறு வருடம் ஆகிறது.

அதற்குப் பிறகு வருவதுதானே எல்லாம்! மழை விட்ட மறுநாள் காலையில் கொல்லிமலை பக்கத்துத் தோட்டத்துக்கே வந்து நின்றதுபோல் தெரியும். சோளம் அறுத்த காட்டில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சிலந்தி வலை, வலை முழுக்கப் பனித்துளி. அவரைப் பூ வாசம் வாசல்வரை வரும். ஒரு நாள் பார்த்தால் எங்கள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வாலாட்டிக் குருவி நடந்துகொண்டிருக்கும், எத்தனையோ மலைகளைத் தாண்டி வந்த களைப்பே இல்லாமல். கடைசியாகச் சூறைக்குருவிகள். கறுப்புத் தலை, ரோஜா நிற உடம்பு. சாயங்காலம் ஏரிக்குள் இருக்கும் கருவேல மரங்களில் அடைய ஆயிரக்கணக்கில் வரும். யாரோ வானத்தில் ஒரு பெரிய துணியை உதறுவதுபோல் மடியும், விரியும், சட்டென்று மரத்துக்குள் கொட்டிவிடும். பிறகு அந்த மரம் மட்டும் பேசிக்கொண்டே இருக்கும்.

விலங்கியல் படித்துவிட்டு, பரீட்சைகளுக்கு விண்ணப்பம் போட்டபடி, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஏரிக்கும் வீட்டுக்கும் ஸ்கூட்டரில் ஓடிக்கொண்டிருப்பவள் நான். மூன்று வருடமாக இதையெல்லாம் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்புகிறேன். என் செல்போனில் பறவைகள் எல்லாமே புள்ளிகள். போன வருடம் சூறைக்குருவிகள் பறப்பதை அனுப்பியபோது, நல்லாயிருக்குது சாமி, இது என்ன கொத்தமல்லி காயப் போட்டிருக்கறதா என்று கேட்டார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஒரே ஒரு வருடமாவது இவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் கரையில் உட்காரவைத்துக் காட்டிவிட வேண்டும்.

இந்த வருடம் வாய்ப்புத் தானாக வந்தது. கிளம்பும் நேரத்தில் ரிக்கின் கம்பிரசரில் ஏதோ பழுது. பாகம் வந்து சேரப் பத்து நாளாகும் என்றார்கள். அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம், வெளியில் புலம்பல். பறவைகள் வந்த தேதிகளைக் குறித்துவைக்கும் என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடமும் தீபாவளி கழிந்து ஏழெட்டு நாளில் சூறைக்குருவிகள் வந்திருந்தன. பத்து நாள் தாராளம்.

அன்று சாயங்காலமே அப்பாவை ஸ்கூட்டரில் ஏற்றினேன். ஏரிக்கரையில் உட்கார்ந்தவர் வானத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்துத் திருப்பி, இங்கே எத்தனை அடியில் பாறை தட்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். கொக்கு வந்தது. இதுதானா என்று கேட்டார். கரிச்சான் வந்தது. இதுவா என்று கேட்டார். ஐந்து நாள் இப்படியே போனது. ஆறாம் நாளிலிருந்து மழை. வாசலில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உன்ற குருவிக்கும் கம்பிரசர் போயிருச்சாட்ட இருக்குது,” என்றார் அப்பா.

“ஊட்டுல மோட்டாரு ஓடாமக் கெடக்குது,” என்று உள்ளிருந்து அம்மா, “அப்பனும் புள்ளயும் குருவிக்குக் காவல் போறாங்களாம்.”

மூன்று நாள் மழைக்குப் பிறகு பாகம் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்பும் என்று ஃபோன் வந்தது. அந்தச் சாயங்காலமும் ஏரிக்குப் போனோம். கருவேல மரங்கள் காலியாக நின்றன.

காலையில் நான் எழுந்தபோது அப்பா பல் துலக்கியபடி பின்வாசலில் நின்று காதைக் கூர்மையாக்கி ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் வருத்தம்.

“ஆரு காட்டுலயோ போர் ஓடுது சாமி. தண்ணி வல்ல. பாரு, வெறும் பொகையாப் போவுது. பாவம்.”

பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் இறங்கும் பள்ளக் காடு முழுக்க வெள்ளையாக ஒன்று படுத்திருந்தது. வேப்ப மரத்தின் தலை மட்டும் மேலே நின்றது. தண்ணீர் இல்லாத இடத்தில் பாறையைக் குடையும்போது எழுகிற தூசியைத்தான் எங்கள் பக்கத்தில் புகை என்பார்கள். அது இப்படித்தான் வெள்ளையாக, கனமாக, காட்டின் மேல் நிற்கும்.

“அது பனிங்கப்பா,” என்றேன்.

அவர் நம்பவில்லை. பிரஷ்ஷைத் தொட்டிமேல் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். இடுப்புவரை வெள்ளைக்குள் போனதும் நின்றார். உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தார். தூசியாக இருந்தால் நறநறக்கும். கை நனைந்துதான் இருந்தது. சின்ன வயதில் இதே காட்டில் இதைப் பார்த்திருப்பார்தானே. அந்த நினைவின்மேல் எத்தனை ஆயிரம் அடிப் பாறையின் தூசி படிந்திருக்க வேண்டும்.

“மறந்தே போயிட்டனே சாமி,” என்றார். என்னிடம் சொன்னதுபோல் இல்லை.

அவருடைய ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது எடுத்து, “அரை மணி நேரங் கழிச்சு வாரேனுங்க,” என்று மட்டும் சொன்னார். ஒரு நாளும் வண்டியைக் காக்கவைக்காத ஆள் என்று அவருக்குப் பெயர். வெயில் ஏறிப் பனி கரையும்வரை நின்றோம். அம்மா காப்பியைக் காட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்தார், ஒன்றும் திட்டவில்லை.

அவர் போன நான்காம் நாள் சூறைக்குருவிகள் வந்தன. முன்னெப்போதும் இல்லாத கூட்டம். நான் செல்போனை வெளியே எடுக்கவே இல்லை. கோபம்தான். பனியைப் பார்த்துவிட்டார், அதுவே போதும் என்று அம்மா சொன்னார். எனக்குப் போதவில்லை. வாலாட்டி வர வேண்டும், அவரைக்கொடி பூக்க வேண்டும், மலை பக்கத்தில் வந்து நிற்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அவர் இங்கே இருக்க வேண்டும்.

அப்பா எப்போதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூப்பிடுவார். போன வாரம் காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டார். பயந்துகொண்டே எடுத்தேன்.

“அங்க பனி எறங்கிருக்குதா?”

பின்கதவைத் திறந்தேன். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. “இன்னைக்கு இல்லீங்கப்பா,” என்றேன். நாளைக்கு இருந்தால் சொல்லச் சொன்னார்.

மறுநாள் இருந்தது. நானே கூப்பிட்டேன். எதுவரைக்கும் என்று கேட்டார். நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை, போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று காட்டுக்குள் இறங்கினேன். பாதம் நனைந்தது, பிறகு முழங்கால். ஃபோனில், அந்தப் பக்கம் யாரோ அவரை இந்தியில் கூப்பிடுவது கேட்டது. அவர் ஃபோனை வைக்கவில்லை. “இப்ப எங்க நிக்கற?” என்றார்.