ரம்பத்தின் மேல் இருந்த மூடி

“...அத்த கழட்டிட்டு அறு மச்சான். மூடி இருந்தா கோடு எங்க தெரிது?” என்று மணி வழக்கம்போல் சிரித்தான். செய்யூரில் நாங்கள் சேர்ந்து நடத்தும் தச்சுப் பட்டறையில், அறுக்கும் மெஷினின் பிளேடில் கை படாமலிருக்க மேலே வரும் இரும்பு மூடியைக் கழற்றாமல் நாங்கள் அறுத்ததே இல்லை.

வெளிநாட்டுத் தச்சு வேலைக்கு லைசென்ஸ் எடுக்க இருவரும் செங்கல்பட்டுக்குத் தேர்வெழுதப் போனோம். செய்முறைக்கு முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். பலகையை வைத்ததுமே என் கை தானாகப் போய் மூடியைக் கழற்றிவிட்டது. “போதும், வெளியே இருங்க” என்றார் தேர்வாளர். அதைப் பார்த்த மணி மூடியைத் தொடாமல் அறுத்துத் தேறிவிட்டான்.

“உன் புண்ணியத்துல கெடச்சுது மச்சான்” என்று பஸ்ஸில் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

விசாவுக்குக் காத்திருந்த நாட்களில் ஒருநாள், பட்டறையில் மணி பழையபடி மூடியில்லாமல் அறுத்தான். பலகை உதறியதில் இடது ஆள்காட்டி விரல் போய்விட்டது. வேலை தருவதாக இருந்த வெளிநாட்டுக் கம்பெனி அவனை வேண்டாம் என்றுவிட்டது. அந்த வேலையைச் சொல்லித்தான் அவன் தங்கைக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள்.

இப்போது மூடி இல்லாமல் நான் சுவிட்சைத் தொடுவதில்லை. ஆனாலும் கை மூடியின் திருகைத் தேடுகிறது. மறுபடி தேர்வுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று மணியிடம் சொன்னேன்.

“நீயாச்சும் பாஸாவுடா” என்றான். மெஷினை அணைத்துவிட்டு என்னைப் பழகச் சொன்னான். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, என் கை மூடிப்பக்கம் போகும்போதெல்லாம் மற்ற கையால் சுள்ளென்று அடித்தான்.