தாமரை என்று எழுதிய தப்பு

ஏரியில் மண்டும் களையான ஆகாயத்தாமரையின் தண்டில் பை பின்னும் தொழிலில் கைக்கு வரும் அரிப்பு வாரத்தில் ஆறிவிடும். எப்படிச் செய்தது என்று வாங்குபவரிடம் விளக்க வாய்க்கு வரும் அரிப்புதான் ஆறுவதில்லை. கைவேலை செய்து விற்கும் எல்லோருக்கும் இது தெரியும். உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் குழுவில் பதினோரு பெண்கள். எழுத்து வேலை என் தலையில்.

சும்மா கிடைப்பது

காஞ்சிபுரத்துக் கண்காட்சியில் ஓர் அம்மாள் எங்கள் பையை மோந்து பார்த்தார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நீளத் தண்டாகப் பார்த்து அறுத்து, காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்தெறிந்து, ஒரு வாரம் வெயிலில் காயவைத்துப் பின்னியது என்று சொன்னேன். என் காலில் இருந்த புண்ணையும் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டுப் பையைக் கீழே வைத்தார். "ஏரில சும்மா கெடைக்கிறதுதானேம்மா?"

திடீர்ச் சொந்தக்காரர்

அதே கண்காட்சியில்தான் முதல் பெரிய ஆர்டரும் வந்தது. ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலப் பைகள். அதை நம்பி எங்கள் கோமதி செங்கல் சூளை வேலையையே விட்டாள்.

ஊர் திரும்பி ஏரியில் இறங்கினால், மீன் குத்தகைக்காரர் கரையில் நிற்கிறார். வலை போட முடியவில்லை, மீன் சாகிறது என்று அந்தச் செடியை அவர் திட்டாத நாளில்லை. களத்தில் நாங்கள் காயப்போட்டதைப் பார்த்த பிறகு அது அவருக்குச் செல்லமாகிவிட்டது. யூனியன் ஆபீசில் அனுமதி வாங்கி வந்தால்தான் இறங்கலாமாம். எதற்கு என்று கேட்டேன். "ஏரி என் குத்தகைல கீது. அதுல மொளைக்கிறது மட்டும் உங்கப்பன் வூட்டுதா?"

என் எழுத்து

எங்களுக்குள் எப்போதும் 'தாமரைத்தண்டு' என்றே பேச்சு. அந்தப் பழக்கத்தில் மனுவிலும் அப்படியே எழுதிவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: தாமரை பறிக்கும் உரிமை ஏலம் எடுப்பவருக்கே. எங்கள் ஏரியில் பெயருக்கு ஒரு தாமரை கிடையாது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கட்டுச் செடியை வேரும் சேறுமாகக் கொண்டுபோய் கிளார்க்கின் மேசையில் போட்டேன். அவர் ஃபைலை மட்டும் நனையாமல் தூக்கிக்கொண்டார். "செடி சரிதாம்மா. மனுவுல தாமரைன்னு கீதே, அதுக்கு நான் இன்னா பண்ண? புதுசா எழுதிக் குடு."

சுத்தம்

புது மனு ஆபீசில் தூங்கிய நாட்களில் செடியை வாரி ஏரியைச் சுத்தம் செய்ய ஜேசிபி வந்தது. அதை யாரும் தடுக்கவில்லை. குத்தகைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். தண்டும் சேறும் ஒன்றாய் நசுங்கிக் கரையில் குவிந்து நாறியது. நசுங்கிய தண்டு பின்னலுக்கு ஆகாது. கல்யாணத்துக்குப் பிளாஸ்டிக் பை போனது.

மறுநாள் அனுமதிக் கடிதம் வந்தது. செடியின் பெயர், முத்திரை, எல்லாம் சரியாக இருந்தது. அதைக் கிழித்து எறியலாம் போலிருந்தது. குவியலைக் கிளறி நல்ல தண்டு தேடிக்கொண்டிருந்த கோமதியிடம் நீட்டினேன். அவள் கையைக்கூடத் துடைக்கவில்லை. "நாளைலேர்ந்து சூளைக்கே போறேங்க்கா. அங்க மனு கேக்க மாட்டாங்க."

ஊரே திட்டும் ஒரு களையைப் பிடுங்க முறைப்படி அனுமதி பெற்ற பெருமை இப்போது எங்களுக்கு உண்டு, பிடுங்கத்தான் களை இல்லை.