அப்பா ஒப்புக்கொண்ட மாலை

மேடையில் என்னை எதிர்த்துப் பேசியவர்கள் பலர்; வீட்டில் எதிர்த்தவர் ஒருவரே. நான் எந்தத் தலைப்பை எடுத்தாலும் அதன் மறுபக்கத்தை அப்பா எடுத்துக்கொள்வார். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு மாசாய் வீட்டுக்கு வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் வாதாடத் தொடங்குவார். என் கருத்து ஒன்றையும் அவர் ஏற்றதில்லை. ஏற்றுக்கொண்டால் மகளின் பயிற்சி கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. பல்கலைக்கழக விவாத அணியில் எனக்குக் கிடைத்த இடத்தில் பாதி அந்தப் பிடிவாதத்துக்கு உரியது. மீதிப் பாதியை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

போட்டியின் இறுதிச் சுற்று நெருங்கிய ஒரு காலையில், சட்டைப் பொத்தானைப் போட அவருடைய இடக்கை மறுத்தது. அம்மாவும் நானும் உடனே ஜொகூர் பாரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மூளையின் ஆழத்தில், முடிபோல் மெல்லிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டிருந்தது. அவரே அறியாமல் முன்பு நேர்ந்த சிறு அடைப்புகளின் வடுக்களும் ஸ்கேன் படத்தில் தெரிந்தன. நெடுநாள் உயர் இரத்த அழுத்தம் செய்த வேலை. பாதிப்பு சிறியதுதான் என்றாலும், இவ்வகைப் பக்கவாதம் முதல் சில நாள்களில் மேலும் மோசமாகக்கூடும் என்றும், கையிலோ பேச்சிலோ சிறு மாற்றம் தெரிந்தாலும் சொல்லவேண்டும் என்றும் மருத்துவர் எச்சரித்தார்.

அப்பாவோ வந்த அன்றே வார்டைக் கலகலப்பாக்கிவிட்டார். பக்கத்துப் படுக்கைச் சீனப் பெரியவரிடம் மலாயில் மருத்துவமனைக் கஞ்சியைப் பற்றி நீண்ட விமர்சனம் நிகழ்த்தினார். இறுதிச் சுற்றுக்குள் வீடு திரும்பி, முன்வரிசையில் உட்காரப்போவதாகத் தாதியர் எல்லாருக்கும் அறிவித்தார்.

மறுநாள் மாலை படுக்கையருகே விவாதப் பயிற்சியைத் தொடங்கினோம். மோட்டார் சைக்கிள் இல்லாமலே மாசாயில் வாழலாம் என்பது என் தரப்பு. தம் மோட்டார் சைக்கிளை வாரந்தோறும் பளபளக்கத் துடைப்பவர் இதற்குக் கொதித்தெழுவார் என்று எதிர்பார்த்து, நன்கு அடுக்கிய என் வாதத்தை முழங்கி முடித்தேன்.

"சரி," என்றார் அப்பா.

"என்னப்பா சொன்னீங்க?"

"நீ சொல்றது சரிதான்மா."

'சரிதான்' குழைந்து வந்தது. நீளமாகப் பேசினால் குழறல் தெரிந்துவிடும் என்று அவர் தோல்வியை ஏற்றிருந்தார். இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னேன். வலக்கையை மட்டும் தூக்கிச் சிரித்தார். இடக்கை பாதியில் நின்று கீழே சரிந்தது.

"சொன்னா வீட்டுக்கு விடமாட்டாங்க லா," என்றார்.

ஓடிப்போய்த் தாதியை அழைத்தேன். களைப்பாக இருக்கலாம் என்றார் அவர். என் தந்தை என்னோடு உடன்பட்டுவிட்டார், இது நோயின் அறிகுறி என்று, மேடையில் பேசும் அதே மிடுக்கோடு மலாயில் வாதிட்டேன். தாதி சிரித்தார், ஆனால் வந்து கையைச் சோதித்ததும் சிரிப்பு நின்றது. மருத்துவர் விரைந்து வந்தார். மீண்டும் படம் எடுத்தார்கள்; இரத்தக்கசிவு இல்லை. அப்பாவைத் தட்டையாகப் படுக்கவைத்து, நரம்புவழி நீர் ஏற்றி, இரத்த அழுத்தம் தாழ்ந்துவிடாமல் காத்தார்கள். அந்தக் குரல் முற்றிலும் அடங்கிவிடுமோ என்ற ஒரே அச்சம் எனக்கு. மறுநாள் கை இன்னும் தளர்ந்தது. அதற்கடுத்த நாள் சரிவு நின்றது. அம்மா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

இறுதிச் சுற்றுக்கு நான் போகவில்லை. நான் இல்லாமலே அணி வென்றது. அதை ஏற்பது எனக்குச் சற்றுச் சிரமமாகவே இருந்தது.

அடுத்த வாரம் மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர் சில எளிய வரிகளைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். அப்பா அவற்றை ஒதுக்கிவிட்டு, தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைக் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் தள்ளாடியே வந்தது, ஆனால் வந்தது. தமிழ் அறியாத சீனப் பெரியவர், 'கோல்' என்ற சொல் வரும்போதெல்லாம் கை தட்டினார். பயிற்சி நேரம் முடிந்துவிட்டதாகப் பயிற்சியாளர் இருமுறை சொல்லிப் பார்த்தார். அப்பா நிறுத்தவில்லை.