இரண்டு விரல் வலப்பக்கம்

அமெரிக்கப் புல்வெளிகளில் ஒரு பிராணி இருக்கிறது. பெயரில்தான் நாய், ஆள் அணில் சாதி. நிலத்துக்குள் வளை தோண்டி, ஊராகக் கூடி வாழும். காலையில் வளை வாசலில் எழுந்து நின்று ஊர்ப் புதினம் பார்க்கும். அதைத் தூரத்திலிருந்து சுடுவதற்கென்று அங்கே ஆட்கள் துவக்கு, தூரக்கண்ணாடி, முக்காலி, கதிரை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் என்று கலியாண வீட்டுக்குப் போவதுபோலச் சாமான் கட்டிக்கொண்டு போகிறார்கள். பட்டப்படிப்பை முடித்துவிட்டு நியமனக் கடிதத்துக்குக் காத்திருந்த மாதங்களில் நான் கைபேசியில் அந்த வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்கா போகும் எண்ணமெல்லாம் இல்லை. சித்தாண்டியில் அக்காவின் வயலில், வரம்புக்கு வரம்பு எலி வளை. அவ்வளவுதான் காரணம்.

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை தன் துணிமணியோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். அக்காவைக் கட்டிய மச்சான் அப்படித்தான் வந்தார், கல்லடிக் கடற்கரையிலிருந்து. கரைவலைக்காரர் வீட்டுப் பிள்ளை. கரையில் நின்று கடலின் நிறத்தைப் பார்த்து, மீன்கூட்டம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று துணியை வீசித் தோணிக்குக் காட்டுவதுதான் அங்கே அவருடைய வேலை. நெல்லைச் சோறாக மட்டுமே தெரிந்த மனிதர். அதுவரை குத்தகைக்கு விட்டிருந்த வயலை அவர் தன் கையில் எடுத்த முதல் வருடம் அது. வட்டையில், அந்த வயல்வெளி முழுக்க, எல்லாரும் அவரைக் "கடலார்" என்றார்கள்.

"என்ன கடலார், நெல்லுக்குத் தூண்டில் போட்டாச்சோ?"

"போட்டாச்சு. நீங்கதான் கடிக்கிறீங்க" என்பார் மச்சான். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது முகத்தில் அந்தச் சிரிப்பு இருக்காது.

அந்த வருடம் அவருக்கு வேறொரு நோவும் இருந்தது. முந்தின வருடம் அக்காவுக்கு மூன்றாம் மாதத்தில் கரு நிற்காமல் போய்விட்டது. அதற்குப் பத்து நாளைக்கு முதல்தான், கிணற்றடி வைக்கோலுக்குள் கிடந்த விரியனை மச்சான் அடித்துக் கொன்றிருந்தார். அப்போது அக்கா முழுகாமல் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. முழுகாமல் இருப்பவளின் புருஷன் உயிர் ஒன்றைக் கொல்லக்கூடாது என்பார்கள் எங்கள் ஊரில். ஆஸ்பத்திரியில் டொக்டர், இது ஆயிரம் பேருக்கு நடப்பதுதான், யார் பிழையும் இல்லை என்று விளக்கமாகச் சொன்னார். மச்சானும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். தன் தாய்க்குச் செய்தி சொல்வதற்காக என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தில் போகும்போது, மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, வாவியைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் அந்தப் பாம்ப விட்டிருக்கலாம் மச்சான்."

நான் படித்தவன். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன்.

சரி, துவக்குக்கு வருகிறேன். எலிக்கு நஞ்சு வைக்க அக்கா விடவில்லை; யாரோ வைத்த நஞ்சில் எங்கள் நாய் செத்திருந்தது. பொறி வைத்தோம்; எலிகள் தேங்காய்த்துண்டை மட்டும் நாகரிகமாக எடுத்துக்கொண்டு போயின. அப்போதுதான் நான் காற்றுத் துவக்கு என்று ஆரம்பித்தேன். ஒரு கொப்பி எடுத்துக் கோடு போட்டு எழுதினேன். அதில் போடுகிற ஈயக்குண்டு, சன்னம், நாலரை மில்லிமீற்றரா, ஐந்தரையா? சின்னது வேகம், நேராகப் போகும். பெரியது பாரம், பட்ட இடத்திலேயே முடிக்கும். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற சாதியா, காற்றுக் குப்பி வைத்த சாதியா? குப்பி வைத்தது ஆடாது அசையாது; ஆனால் அதற்குக் காற்றடிக்கத் தனிப் பம்பு வேண்டும். சைக்கிள் பம்பால் அடித்தால் அடுத்த போகம் வரைக்கும் அடிக்கவேண்டியதுதான். ஸ்பிரிங் துவக்கு முன்னுக்கும் பின்னுக்கும் உதறும். அந்த உதறலில் சாதாரணத் தூரக்கண்ணாடி உள்ளுக்குள்ளேயே உடைந்துபோகும். ஆகவே கண்ணாடியும் அதற்கென்று செய்ததாக இருக்கவேண்டும். பத்து மீற்றரில் நிற்கிற எலியும் மங்காமல் தெரியவேண்டும். சேற்றில் புதையாத முக்காலி வேண்டும்.

இரவுச் சோற்றுக்கு இருந்தால் இதையே பேசுவேன்.

"ஆணத்த ஊத்திச் சாப்பிடு தம்பி" என்பாள் அக்கா. "எலி உன்ர பேச்சக் கேட்டே செத்துப்போகும்."

அம்மாவுக்குத் துவக்கு என்ற சொல்லே ஆகாது. அந்தச் சொல் வந்தாலே, யுத்தகாலப் பழக்கத்தில், எழுந்து யன்னலைச் சாத்துவார். கடைசியில், "அதக் குழல் எண்டு சொல்லு மனே" என்று எனக்கு ஒரு வழி காட்டினார். அன்றிலிருந்து வீட்டில் அது குழல்.

கிராம சேவகரின் கடிதம், வயல் பதிவு, பொலிஸ் கையெழுத்து என்று அனுமதி வருவதற்குள் நெல் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் காலை மச்சானும் நானும் பட்டணத்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். நான் கொப்பியை விரித்துக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். மச்சான் ஒவ்வொன்றாகத் தூக்கி, துடுப்பின் பாரம் பார்ப்பதுபோல நடுவில் பிடித்துப் பார்த்தார்.

"இதால அடிச்சா எலிக்கு நோகுமோ?" என்று கேட்டார்.

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நோகாம முடிக்கோணுமெண்டா பெரிய சன்னம் எடுங்க தம்பி. சின்னது பிழைச்சாக் காயத்தோட ஓடும்."

நான் கொப்பியில் சின்னதுக்கு நேரேதான் மூன்று சரி போட்டு வைத்திருந்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். ஐந்தரையை வாங்கினோம். ஸ்பிரிங் சாதி, அதற்கேற்ற கண்ணாடி, இரண்டு டின் சன்னம், முக்காலி. துவக்கை ஒரு பன்பாயில் சுற்றிக் கட்டி, பாய் வாங்கிக்கொண்டு போகிறவர்கள்போல வீட்டுக்கு வந்தோம்.

வாசலில் அம்மா நின்றார். பாயைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

"மருமகன், அதத் தொடாதீங்க. அவன்ட குடுங்க."

மச்சானுக்கு விளங்கவில்லை. உள்ளே கதவோடு சாய்ந்து நின்ற அக்கா மெதுவாகச் சிரித்தாள். "ரெண்டு மாசம். சொல்லப் பயத்தில இருந்தன்" என்றாள்.

மச்சான் பாயைச் சுட்ட சட்டியைப்போல என் கையில் விட்டார். வீட்டுக்குள் போய், அக்காவின் முன்னால் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய கைவளையலைச் சுற்றிவிட்டுக்கொண்டு நின்றார்.

எனக்குச் சந்தோஷம்தான். அதோடு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் எரிச்சலும் வந்தது. "அம்மா, மச்சான் பிறந்ததிலிருந்து மீன் புடிச்ச ஆள். மீனுக்கு உயிரில்லையோ?"

"மீன் வேற."

"எப்படி வேற?"

"வேறயெண்டா வேற. நீ சுடு. உனக்குத்தான் பொஞ்சாதியுமில்ல, உத்தியோகமுமில்ல."

இப்படித்தான் சுடுவது என் தலையில் விழுந்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது. அமெரிக்க வீடியோக்களில் இரண்டு பேர் போவார்கள்; ஒருவர் சுட, மற்றவர் தூரக்கண்ணாடியில் பார்த்து, சன்னம் எங்கே விழுந்தது, காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொடுப்பார். ஸ்பிரிங் துவக்குக்கு அது கட்டாயம் வேண்டும், உதறலில் சுடுகிறவனுக்குச் சன்னம் விழுவது தெரியாது. மீன்கூட்டத்தைக் கரையிலிருந்து பார்த்துச் சொன்ன மனிதரைவிட அந்த வேலைக்கு யார் பொருத்தம்? பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்யும் அவருடைய கூட்டாளி ஒரு பழைய இரட்டைக் கண்ணாடி தந்தான். பார்ப்பது பாவமில்லை என்று அம்மாவும் தீர்ப்புச் சொன்னார்.

பொழுது சாய்வதற்கு ஒரு மணித்தியாலம் முன்னே வாடிக்குப் போவோம். வயலில் நிற்கிற எங்கள் ஓலைக்குடில்தான் வாடி. அதன் முன்னால் முக்காலியை ஊன்றி நான் குந்தியிருப்பேன். எதிரே இருபத்தைந்து மீற்றரில் உயர்ந்த பெரிய வரம்பு. சன்னம் பிழைத்தாலும் மண்ணில்தான் புதையும். நெல் குடலை கட்டி நின்றது. அதன் இனிப்புக்குத்தான் எலிகள் வெயில் தணிந்ததுமே வரும். முதல் எலி வளை வாசலில் எழுந்து நின்றது. குழலைத் தோளில் அணைத்தேன்.

"காத்து அடிக்குது" என்றார், கண்ணிலிருந்து இரட்டைக் கண்ணாடியை எடுக்காமல். "ரெண்டு விரல் வலப்பக்கம் புடி."

பிடித்தேன். சுட்டேன். மண் தெறித்தது, எலி வளைக்குள் போனது.

"தப்பிட்டுது" என்றார்.

அடுத்த நாள் இடப்பக்கம் ஒரு விரல். தப்பியது. அதற்கடுத்த நாள் அரை விரல் மேலே. தப்பியது. ஒரு கிழமை, இரண்டு கிழமை. நான் சன்னத்தைக் குற்றம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிப் பூட்டினேன். கொப்பியில் காற்று, வெயில், ஈரப்பதன் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். காலையில் தனியே போய், அதே வரம்பில் டின்பால் பேணியை வைத்துச் சுட்டுப் பார்த்தேன். பத்துக்குப் பத்தும் பேணியில். பின்னேரம் மச்சானோடு போனால் ஒன்றும் இல்லை.

"படிச்ச புள்ள எலிக்குச் சன்னம் தீத்துது" என்றாள் அக்கா. அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்து மெலிந்திருந்தாள். அவள் எழுந்தால் மச்சானும் எழுவார். அவள் கிணற்றடிக்குப் போனால் இவர் முன்னே ஓடி வைக்கோலைக் காலால் தட்டிப் பார்ப்பார்.

பிறகு ஒரு பின்னேரம். வட்டை முழுவதும் ஒரு நெல்தாளும் அசையவில்லை. பக்கத்து வாடியில் தேத்தண்ணிக்கு மூட்டிய அடுப்புப் புகை நூல் பிடித்ததுபோல நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. எலி எழுந்து நின்றது. பெரியது, கன்னம் இரண்டும் புடைத்தது.

"காத்து" என்றார் மச்சான். "ரெண்டு விரல் வலப்பக்கம்."

நான் புகையைப் பார்த்தேன். கடற்காற்றுக்குள் பிறந்த மனிதர். எங்கேயோ நிற்கிற மீன்கூட்டத்துக்குத் துணியை வீசித் தோணியைத் திருப்பின மனிதர். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து அவர் பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இரட்டைக் கண்ணாடியை இறுக்கிப் பிடித்திருந்தார். மணிக்கட்டில் சித்தாண்டி முருகன் கோயிலில் கட்டிய நூல். மூச்சு விடாமல் இருந்தார்.

எல்லா நாளும் என் பக்கத்தில் இப்படித்தான் இருந்திருக்கிறார். நான்தான் எலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த எலி நகரவே இல்லை. சுடுவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு எனக்குக் கிடைக்கப்போவதில்லை. முதல் எலியின் படத்தை அனுப்புவதாகக் கூட்டாளிமாருக்குச் சொல்லி ஒரு மாதமாகிவிட்டது. உயிர் கொன்றால் கரு நிற்காது என்பதெல்லாம் அறிவில்லாத கதை என்று கத்தியிருக்கலாம். டொக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

குழலை இரண்டு விரல் வலப்பக்கம் நகர்த்திச் சுட்டேன்.

மண் தெறித்தது. மச்சான் மூச்சு விட்டார்.

"தப்பிட்டுது" என்றார்.

"ஓம் மச்சான், தப்பிட்டுது."

அன்று அந்தக் குழப்பத்தில் முக்காலியை வயலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். காலையில் போனால் அதன் உச்சியில் வெள்ளை எச்சம். கீழே சாம்பல் நிற மயிர் உருண்டை ஒன்று. குச்சியால் பிரித்தேன், உள்ளே எலியின் சின்னப் பற்கள். கூகை ஆந்தை வந்து இருந்திருக்கிறது. மச்சானைக் கூட்டிவந்து காட்டினேன். குச்சியை வாங்கித் தானும் புரட்டிப் பார்த்தார்.

"அதுக்கு ஒருத்தரும் இடம் சொல்லத் தேவையில்ல, என்ன?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

முக்காலியை அங்கேயே விட்டோம். கூகை வந்து இருக்கட்டும் என்று வரம்பு நெடுக இன்னும் நாலைந்து கம்புகளைக் குறுக்குக் கட்டி நட்டோம். பின்னேரங்களில் நாங்களும் போனோம். அவர் விரல் சொன்னார், நான் அங்கே சுட்டேன். இரண்டு டின் சன்னமும் அந்த வரம்பில்தான் கிடக்கிறது. நெல் வெட்டும்போது மேற்கு மூலையில் எலி தின்ற வெறும் தாள்தான் நின்றது. மிச்சம் பழுதில்லை. வட்டையில் ஒருவர், "கடலார் கரை சேந்திட்டார்" என்றார். மச்சான் அன்று கால் கழுவும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மருமகள் ஆடி வெயிலில் பிறந்தாள். சுகப் பிரசவம். முதல் முறை கையில் வாங்கியபோது மச்சான் அவளுடைய விரல்களை எண்ணினார், பிறகு மறுபடியும் எண்ணினார்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, பிள்ளைக்கு மொட்டை அடித்து, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போன பின்னேரம். சிறுபோக நெல் கதிர் தள்ளி நின்றது. நான் பலகாரத் தட்டோடு விறாந்தையில் இருந்தேன். மச்சான் உள்ளே போய், அம்மாவின் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து துவக்குச் சுற்றிய பாயை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் அதைத் தொட்டது கடைக்குப் போன அந்த நாளுக்குப் பிறகு அன்றுதான்.

"வா மச்சான், வட்டைக்குப் போவம்."

"இப்பயோ? சன்னம் ஒண்டும் இல்லையே."

"வாங்கி வச்சிருக்கன்" என்றார். செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். காது இரண்டும் சிவந்திருந்தன. "இனிச் சரியாச் சொல்றன்."

உள்ளே அக்கா பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்திச் சிரித்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

வாடிக்கு முன்னால் குந்தினோம். வாவிப் பக்கமிருந்து உண்மையிலேயே காற்று வந்துகொண்டிருந்தது; கதிர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. வளை வாசலில் ஒன்று எழுந்தது. குழலை மடக்கி, சன்னத்தை வைத்து, கண்ணைக் கொடுத்துக் காத்திருந்தேன். பக்கத்தில் அவர் மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

"ஒரு விரல்" என்றார் மச்சான். "இடப்பக்கம்."