தூரத்துக்கு எதிர்ச்சொல்

பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த தொடக்கப்பள்ளியின் சாவி மணியம்மாளிடம் இருந்தது. காலையில் கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, பானையில் தண்ணீர் நிரப்புவது அவள் வேலை. கணவன் ராஜவேலு ஐம்பத்திரண்டாம் வருஷப் புயலில் இறால் வலையோடு போனவன் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை. முகத்துவாரத்தைத் தாண்டிக் கடல் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். அவள் தாலியைக் கழற்றவில்லை.

ஐந்தாம் வகுப்பு வாத்தியார் துளசிராமன் பொதட்டூர்பேட்டைக்காரர். பிள்ளைகளுக்குச் சொல்வளம் போதவில்லை என்பது அவர் குறை. தினமும் மாலையில் கரும்பலகையில் பத்துச் சொற்களை எழுதிவைத்துவிட்டுப் போவார். மறுநாள் காலை பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து எதிர்ச்சொல் எழுத வேண்டும்.

ஐம்பத்துநாலு கார்த்திகையில் ஒரு காலை, பிள்ளைகள் வரும் முன்பே இரண்டு சொற்களுக்கு எதிரே விடை இருந்தது. மறுநாளும் இருந்தது. ஒரு வாரத்தில் பிள்ளைகள் பலகையின் பக்கம் போகவே பயந்தார்கள். சைதா என்ற பெண் வகுப்புக்குள் வரமாட்டேன் என்று அழுதாள். அவள் தகப்பனார் கருவாட்டு வியாபாரி அசன் முகைதீன் வந்து, இதை விசாரியுங்கள் என்று வாத்தியாரிடம் சொல்லிப் போனார்.

சாவி ஒருத்தியிடம்தானே இருக்கிறது. துளசிராமன் மணியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் மறைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து இரண்டு வருஷமாகப் பாடம் கேட்டதையும், மணலில் எழுதிப் பழகியதையும் சொன்னாள். விடியற்காலையில் வந்து, தெரிந்த சொல்லுக்கு மட்டும் எழுதியிருக்கிறாள்.

வாத்தியாருக்குக் கோபம் வரவில்லை. இனிமேல் பத்தில் ஐந்து உனக்கு என்று சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"மொத நாளு எழுதுனதுல ஒண்ணு நான் இல்ல சாரு. கதவத் தொறந்தப்பவே 'மேடு'க்கு நேரா 'பள்ளம்'னு எழுதிக்கீது. அதப் பாத்துட்டுதான் நானும் எழுதினேன்."

அந்தப் 'பள்ளம்' என்ற சொல்லில் புள்ளிகள் இல்லை. அவற்றின் இடத்தில் சின்ன வட்டங்கள் இருந்தனவாம். ராஜவேலு மீன்பிடித்ததோடு படகுகளுக்குப் பெயரும் எழுதிவந்தவன். புள்ளியை அப்படித்தான் போடுவான்.

அவள் மனப்பிரமையைப் போக்க வேண்டும் என்று துளசிராமன் நினைத்தார். வெள்ளிக்கிழமை மாலை எல்லா ஜன்னல்களையும் அவரே தாழிட்டார். என்ன சொல் எழுதட்டும் என்று அவளைக் கேட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. "தூரம்னு எழுதுங்க."

அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதிக் கதவைப் பூட்டி, சாவியைத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை இருவரும் சேர்ந்தே போனார்கள். பூட்டு பூட்டியபடி இருந்தது. தரையில் தூசி கலையவில்லை. பலகையில் 'தூரம்' இருந்தது. எதிரே இன்னொரு சொல்லும் இருந்தது. வகுப்பில் அவர் சொல்லிக்கொடுத்தது 'அண்மை'. அங்கே இருந்ததோ 'கிட்டக்க'. 'ட்'டின் மேலும் 'க்'கின் மேலும் புள்ளிக்குப் பதில் சின்ன வட்டங்கள். துளசிராமன் விரலால் தொட்டார். எழுத்து ஈரமாக இருந்தது. விரலில் ஏரிச் சேற்றின் வாடை அடித்தது.

மணியம்மாள் முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இங்கதான் கீறாரு" என்றாள்.

அன்று முதல் வாத்தியார் எதிர்ச்சொல்லை வாய்மொழியாக மட்டுமே நடத்தினார்.

வைகாசியில் ஏரி என்றுமில்லாதபடி வற்றியது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், இருநூறு அடி தள்ளி, ஒரு பள்ளத்துச் சேற்றில் படகின் மூக்கு தெரிந்தது. தோண்டினார்கள். வலைக்கடியில் எலும்புகள் கிடந்தன. இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணை வைத்து மணியம்மாள் அடையாளம் சொன்னாள். அவளே கொள்ளி வைத்தாள். பதினாறாம் நாள் தாலியைக் கழற்றினாள். அதன்பிறகு வாத்தியார் மறுபடி சொல் எழுதிவைத்தும் பலகையில் எதுவும் வரவில்லை.

ஐம்பத்தேழில் கடம்பத்தூருக்கு மாற்றலாகும்வரை துளசிராமன் அவளுக்கு மாலையில் பாடம் சொன்னார். கடைசியில் அவள் செய்தித்தாளையே படித்தாள். பினாங்கிலும் ரங்கூனிலும் இருக்கும் புருஷன்மாரின் கடிதங்களை எடுத்துக்கொண்டு குல்சும் முதலான பெண்கள் அவளிடம் வருவார்கள். ஒரு வரி விடாமல் படிப்பாள். கெட்ட சேதி இருந்தால் மட்டும், எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து படிப்பாள்.