ஒற்றைச் சிறுநீரகமும் மிச்ச மாத்திரைகளும்

அம்மாவுக்குப் பச்சை அங்கி மாட்டி, கையில் ஊசி செருகி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. உடும்பஞ்சோலையில், தோட்டத் தொழிலாளர் லயத்தில் பக்கத்து வீட்டு அத்தை. அம்மாவோடு ஒரே கூட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்.

"என்ன தாயி, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாகளா?"

"இன்னும் இல்லத்த. அடுத்தது அம்மாதான்."

"தைரியமா இருக்கச் சொல்லு. அப்புறம் தாயி, உங்கம்மா குடுத்துச்சே ஒரு செவப்பு மாத்திர, அது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. இருமல் சுத்தமா நின்னுபோச்சு. அங்கன மருந்துக் கடையில கெடச்சா எனக்கும் ஒரு அட்ட வாங்கிட்டு வா."

அந்தச் சிவப்பு மாத்திரை இருமலுக்கானது இல்லை. அம்மாவின் சிறுநீரில் இருந்த கிருமிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது. ஒருவேளை கூட விடாமல் கடைசி மாத்திரை வரை முடித்த பிறகுதான் சிறுநீரகக் கல்லை உடைக்கும் லேசர் என்று அவர் என்னிடமும் அம்மாவிடமும் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கு வேலை செய்வது இடது சிறுநீரகம் மட்டும்தான். வலது எப்போதோ சுருங்கிப் போய்விட்டது. எந்தக் கல் அடைத்து, எந்த வருஷம் என்று அவளுக்கே தெரியாது. இடுப்பு வலி என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். இப்போது இடது பக்கத்திலும் ஒரு கல். சிறுநீரகத்திலிருந்து குழாய் கிளம்பும் வாசலில், பாதி அடைத்தும் அடைக்காமலும். ரத்தத்தில் உப்பு ஏறத் தொடங்கிவிட்டது, இதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் மலைக்குக் கீழே கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். லேசர் என்ற சொல்லைக் கேட்டதுமே பாதி பயம் போய்விட்டது எனக்கு. கிடைத்த வீடியோவையெல்லாம் பார்த்தேன். உடம்பைக் கிழிக்க வேண்டாம், தைக்க வேண்டாம். சிறுநீர் வெளியே வரும் அதே வழியில், வளைந்து கொடுக்கும் மெல்லிய கேமராக் குழாயை மேலே அனுப்புகிறார்கள். அதற்குள்ளே தலைமுடியைவிடச் சற்றே தடித்த கண்ணாடி இழை. அதன் முனையில் ஒளி துடிக்கிறது, கல் பொடியாகிறது. போடிமெட்டு வளைவுகளில் ஜீப் இறங்கும்போது இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டி அம்மாவுக்கு விளக்கினேன். "ஏ புள்ள, எனக்கு வாந்தி வருது. செத்த வாய மூடு" என்றாள்.

எல்லாம் விளக்கினேன். மாத்திரை தீர்ந்ததா என்று மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கிருமியால் வந்த காய்ச்சல் போய்விட்டது, அம்மா கலகலப்பாக இருந்தாள்.

எங்கள் லயத்தில் மாத்திரை ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் பிடிக்க வேண்டும், ஒருநாள் வேலை கெடும். அதனால் குணமானவர் வீட்டில் மிஞ்சியது, உப்பு புளி போல அடுத்த வீட்டுக்குப் போகும். காய்ச்சல் நின்ற பிறகும் மாத்திரை விழுங்குவது அங்கே வீண்செலவு. பக்கத்து வீட்டில் ஒருத்தி இருமிக்கொண்டிருக்கும்போது விழுங்கினால் அது கஞ்சத்தனமும்கூட.

அம்மாவின் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "அந்த மாத்திர எத்தன சாப்பிட்ட?"

அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அத்தையின் குரல் போனிலிருந்து அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"ரெண்டு நாளு. அதுலயே எல்லாஞ் சரியாப் போச்சுல்ல? அவ பாவம், ராவெல்லாம் இருமுறா. சும்மா கெடக்குற மாத்திரதான?"

"நேத்து நர்ஸ் கேட்டப்ப முடிச்சிட்டேன்னு சொன்னியே!"

"முடிஞ்சுதான போச்சு, கையில இல்லைல்ல." குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு, நீ போய் எதையாச்சும் ஒளறி வைக்காத. சொன்னா திருப்பி அனுப்பிருவாக. நான் மனசத் தெடப்படுத்திக்கிட்டு வந்துருக்கேன். திருப்பி ஒருக்கா வரமாட்டேன், சொல்லிட்டேன்."

அவள் வெறும் மிரட்டலுக்குச் சொல்கிறவள் இல்லை என்பதுதான் எனக்குப் பயம். ஒருமுறை திரும்பிப் போனால் காயெடுப்பு முடியட்டும் என்பாள், பிறகு மழை நிற்கட்டும் என்பாள். அதற்குள் இந்த ஒன்றும் சுருங்கிவிடும். இன்னொரு பக்கம் டாக்டர் சொன்னது காதில் ஒலித்தது. உள்ளே கல் தெளிவாகத் தெரிவதற்குத் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பார்களாம். கிருமி இருந்தால் அந்த அழுத்தத்தில் அது நேராக ரத்தத்தில் ஏறிவிடும். ஆளே போய்விடலாம்.

தியேட்டர் கதவு திறந்தது. நர்ஸ் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். காய் கிள்ளிக் கிள்ளி இறுகிப்போன விரல்கள், நல்ல வலி.

"சிஸ்டர், டாக்டர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

கை விலகியது. அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

டாக்டர் முகமூடியோடு வெளியே வந்தார். நான் மூச்சு விடாமல் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அம்மாவின் முன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, யாருக்குக் குடுத்தீங்க?"

"எங்க மதினிக்கு."

"மதினிக்கு சரியாயிருச்சா?"

"ஆயிருச்சாம் சார்."

"நல்லதாப் போச்சு. உங்களுக்குத்தான் ஆகல."

உடனே சிறுநீரை மறுபடி சோதித்தார்கள். சீழணுக்கள் நிறைய இருந்தன. வீட்டுக்கு அனுப்பவும் முடியாது, லேசர் போடவும் முடியாது என்றார் டாக்டர். கல்லைத் தொடாமல், அதைத் தாண்டி ஸ்டென்ட் என்கிற மெல்லிய குழாயை மட்டும் வைத்து, தேங்கியதை வடிய விடலாம். கிருமி போன பிறகு லேசர்.

உள்ளே போன அம்மா சீக்கிரமே வந்துவிட்டாள். டாக்டர் ஒரு சிறு குப்பியை என்னிடம் காட்டினார். கல்லுக்குப் பின்னால் தேங்கியிருந்த சிறுநீர் அது. கலங்கிய மோர் மாதிரி இருந்தது. "இது இருக்கும்போது லேசர் போட்டிருந்தா..." என்று தொடங்கியவர் குப்பியை மூடி நர்ஸிடம் கொடுத்தார். எனக்கும் கேட்க வேண்டாம் போலிருந்தது.

வார்டில் நாள் தவறாமல் ஊசி மருந்து ஏறியது. அம்மா என்னோடு பேசவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாளிடம், நான் காது கேட்கும் தூரத்தில் இருக்கும்போதே, "காலேஜுக்கு அனுப்புனா இப்பிடித்தான், பெத்தவளையே காட்டிக் குடுப்பாளுக" என்று சொன்னாள். அத்தை போன் செய்து அழுதார். "நான் என்ன கண்டேன் தாயி, எனக்குக் குடுத்தா திங்கேன். அவகிட்டச் சொல்லு, இனி இருமிச் செத்தாலும் அவ வீட்டு மாத்திர எனக்கு வேணாம்." அதைக் கேட்டு அம்மா முதன்முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்கில்லை, அத்தைக்கு.

ஸ்டென்டோடு வீட்டுக்கு வந்து, சிறுநீரில் கிருமியில்லை என்ற முடிவு கைக்கு வந்த பிறகு மறுபடி மலை இறங்கினோம். வரமாட்டேன் என்றவள் தானாகவே ஜீப்பில் ஏறினாள். வழியில் நான் லேசரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இந்த முறை காத்திருப்பு நீண்டது. முடிந்ததும் டாக்டர் உள்ளே எடுத்த வீடியோப் பதிவைக் காட்டினார். இளஞ்சிவப்புக் குகை, நடுவில் பழுப்பு நிறக் கல், அதன் மேல் ஒரு பச்சை ஒளிப்புள்ளி. புள்ளி ஓரத்தை மெல்ல மெல்ல வருட, கல் மாவாகப் பறந்தது. எத்தனையோ வீடியோ பார்த்திருக்கிறேன். இந்தக் குகையை மட்டும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"கல்லு பொடிஞ்சிருச்சு. சாயந்திரம் வரைக்கும் காய்ச்சல் வராம இருக்கணும்" என்றார்.

வெளியே கொண்டுவந்தபோது அம்மா நடுங்கினாள். பற்கள் தந்தியடித்தன. மயக்க மருந்தின் குளிராக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்று நர்ஸ் கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தினார். நான் வெப்பமானியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்தார்கள், எடுத்தார்கள். காய்ச்சல் இல்லை. மறுபடி வைத்தார்கள். இல்லை. நடுக்கம் குறைந்து, உதட்டில் நிறம் வந்தது. சன்னலில் வெயில் சாய்ந்தபோது டாக்டர் வந்து பையில் இறங்கியிருந்த சிறுநீரைத் தூக்கிப் பார்த்தார். லேசான செம்மை, அவ்வளவுதான். "ஓடுது. கிட்னி தப்பிச்சுக்கிச்சு" என்றார்.

அவர் போன பிறகு அம்மா கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டாள்.

"ஏ புள்ள."

"என்னம்மா?"

"அன்னைக்குச் சொல்லாதன்னுதான் சொன்னேன். இனியும் அப்படித்தான் சொல்லுவேன், என் புத்தி அது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீ கேட்டுத் தொலைச்சுராத."